போகிறவரிடம் கேட்கக்கூடாத கேள்வி

முந்தின வருடம் ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறையில், வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்கட்டடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வான் வண்டி பிடித்து, அவிசாவளைக்கு அப்பால் காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு நீர்த்தேக்கத்துக்கு ஒருநாள் சுற்றுலா போனோம். அங்கே நடந்ததை யாருக்குச் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். நானும் இப்போது சிரிப்பேன். அன்றைக்கு அது நடக்கும்போது எனக்கு அழக்கூட நேரம் இருக்கவில்லை.

அதைச் சொல்வதற்கு முன் என் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தப் பயணத்துக்கு ஒரு வருடம் முன்னர் அவருக்கு மாரடைப்பு வந்தது. ஒரு சனிக்கிழமை காலை. நான் குசினியில் காலைச் சாப்பாட்டுப் பாணுக்குச் சம்பல் இடிக்கத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. இருந்த இடத்தில் இருந்தபடியே, "எங்க போறியள்?" என்று கத்தினேன். "பாண் வாங்க" என்றார். கனநேரமாகியும் ஆளைக் காணவில்லை. சம்பலும் இடித்து முடிந்துவிட்டது. பாண் வாங்கப் போனவர் கிரிக்கெட் கதைத்துக்கொண்டு நிற்கிறார் என்று எரிச்சலோடு கீழே இறங்கிப் போனால், பஸ்கள் ஓடுகிற காலி வீதியில் பாண் கடைப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. ஓட்டோ ஒன்றை மறித்து ஏற்றிக்கொண்டு ஓடினோம். பிறகு ஒபரேஷன், ஐசியு, எல்லாம் நடந்து ஆள் பிழைத்துக்கொண்டார்.

டொக்டர் கொலஸ்ட்ரோல் என்றார். சிகரெட் என்றார். பரம்பரை என்றும் சொன்னார். என் மனதுக்குள் மட்டும் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. வெளிக்கிடுகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. கேட்டால் போன காரியம் சரிவராது. கேட்டே ஆகவேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்து வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் வாய் தவறிக் கேட்டுவிட்டு நான் வாங்கின குட்டு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்படி வளர்ந்தவள் அந்தச் சனிக்கிழமை, அதுவும் முதுகுக்குப் பின்னால், கத்திக் கேட்டிருக்கிறேன். ஐசியு கண்ணாடிக்கு வெளியே நின்றபோது எனக்கு அதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. படித்தவள்தான், ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கூடப் படிப்பித்தவள்தான். ஆனால் பயம் வந்தால் விஞ்ஞானம் எங்கேயோ போய்விடுகிறது. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தக் கேள்வியை வாயில் எடுக்கவில்லை.

ஆள் வீட்டுக்கு வந்தாரே தவிர, பழைய ஆளாக வரவில்லை. லிஃப்டுக்குள் ஏறினால் தெரியாதவரோடும் கிரிக்கெட் கதைக்கிற மனிதர், பல்கனிக் கதிரையில் உட்கார்ந்து இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தெரிகிற துண்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முட்டையைப் பொத்தி வைக்கிற மாதிரி வைத்திருந்தேன். உப்பில்லாத கறி, எண்ணெயில்லாத தோசை. பின்னேரம் மரைன் டிரைவில் நடக்கப் போனால் நானும் பக்கத்திலேயே போவேன். அவர் வேகமாக நடந்தால் "மெள்ள, மெள்ள" என்பேன். மெதுவாக நடந்தால் "நோகுதோ?" என்பேன். பாவம் மனிதர், ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை.

அந்த நேரத்தில்தான் மூன்றாம் மாடித் தம்பி இந்தச் சுற்றுலாவைக் கிளப்பினான். கணினிக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிற, போன வருடம் கலியாணம் கட்டின பிள்ளை. காடு, குளம், கயாக் ஓட்டலாம், நடக்கலாம், நல்ல காற்று என்று எல்லோருக்கும் ஆசை காட்டினான். நான் முதலில் ஒரேயடியாக மாட்டேன் என்றுதான் சொன்னேன். கீழ்வீட்டு அன்ரி விடவில்லை. "பிள்ளை, ஆளை அடைச்சு வச்சு என்ன செய்யப்போறாய்? கூட்டிக்கொண்டு வா" என்று கதவடியில் நின்றே சம்மதம் வாங்கிவிட்டார். இவரைக் கேட்டேன். "நீர் சொன்னால் சரி" என்றார். அந்தப் பதிலைக் கேட்க எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது.

வெள்ளவத்தை ஆட்கள் காட்டுக்குப் போனாலும் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரித்தான் போவோம். புளிச்சோறு ஒரு பெரிய வாளி. உருளைக்கிழங்குப் பிரட்டல், வடை, கட்லட், தேத்தண்ணி நிறைத்த போத்தல்கள், பாய்கள். அட்டை கடிக்கும் என்று யாரோ சொல்லக்கேட்டு அன்ரி ஒரு பை நிறைய உப்பும் தேசிக்காயும் கொண்டுவந்தார். நான் பஞ்சாபி உடுப்போடு, புறக்கோட்டையில் வாங்கின புதுச் சப்பாத்தும் போட்டுக்கொண்டேன். என் கைப்பைக்குள் அவருடைய குளிசைகள். நெஞ்சு நொந்தால் உடனே நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையும் அதற்குள்தான். அவர் தன் சட்டைப்பைக்குள் வைத்திருந்தால் மறந்துவிடுவார் என்று நானே காவித் திரிவேன்.

வான் சாரதி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த தம்பி. பெற்றோர் பதுளைப் பக்கத் தோட்டத்தவர்கள் என்று சொன்னார். வழியெல்லாம் பழைய பாட்டுகளைப் போட்டார். மூன்றாம் மாடித் தம்பியின் மனைவி பாட, அன்ரி தாளம் போட, ஒரே கும்மாளம். இவர் யன்னலோரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ரப்பர் மரங்கள் முடிந்து மலைகள் தொடங்கின இடத்தில், "நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னார். நான் அதை அன்ரிக்கும் சொன்னேன்.

நீர்த்தேக்கம் உண்மையிலேயே அழகுதான். சுற்றிவரக் காடு தண்ணீர் வரைக்கும் இறங்கி நின்றது. தண்ணீர் பச்சையாக, அசையாமல் இருந்தது. கொழும்பு ஹோர்ண் சத்தத்துக்குப் பழகின காதுக்கு அந்த அமைதி முதலில் பயமாகக்கூட இருந்தது. கரையில் ஊர்ப்பொடியன்கள் கயாக்குகளையும் லைஃப் ஜக்கட்டுகளையும் வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இளசுகள் எல்லோரும் தண்ணீருக்குள். ஒரு கயாக் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது; அதில் இருந்தது மூன்றாம் மாடித் தம்பியும் மனைவியும். யார் பிழையாகத் துடுப்புப் போடுவது என்று அவர்களுக்குள் நடந்த சண்டை கரைவரைக்கும் கேட்டது. நான் கடற்கரைக்குப் பக்கத்தில் இவ்வளவு காலம் இருந்தும் கணுக்காலுக்கு மேல் தண்ணீருக்குள் இறங்காதவள். பாயை விட்டு அசையவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடிந்து, நான் சட்டிபானைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். இவர் மரத்தடியில் இருந்து எழும்பினார். சப்பாத்தைப் போட்டார். கீழே கிடந்த ஒரு தடியைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஒருக்காப் போட்டு வாறன்" என்றார்.

என் வாய் திறந்தது. கேள்வி நாக்கு நுனியில் நின்றது. பாண் கடைப் படிக்கட்டு கண்ணுக்குள் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். "கவனம்" என்று மட்டும் சொன்னேன். ஆம்பிளைதானே, பக்கத்தில் எங்கேயாவது ஒதுங்கப் போகிறாராக்கும் என்றும் நினைத்தேன். அதோடு, ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த மனிதர் தானாக எழும்பி ஒரு காரியம் செய்கிறாரே என்ற சந்தோஷம் வேறு. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு அன்ரியோடு கதைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தபோதுதான் அவருடைய கோப்பை மிச்சமாக நிற்பதைக் கண்டேன். திரும்பிப் பார்த்தேன், காணவில்லை. அதே நேரம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை சும்மா தூறித் தொடங்கவில்லை, எடுத்த எடுப்பில் கொட்டியது. பாய்களைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் தகரக் கொட்டகைக்குள் ஓடினோம். தலைகளை எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது.

"அன்ரி, இவரைக் கண்டனீங்களோ?" என்றேன்.

"ஓம் பிள்ளை, எனக்கு முன்னாலதானே போனவர். 'தூரமோ தம்பி?' எண்டு கேட்டனான். 'இல்லை, கிட்டத்தான்' எண்டு சொன்னவர்."

"எந்தப் பக்கம்?"

அன்ரி விழித்தார். மரங்கள் இருக்கிற பக்கம் என்றார். அங்கே மரமில்லாத பக்கம் எது?

மூன்றாம் மாடித் தம்பியும் கயாக்கில் இருந்தபடி கண்டிருக்கிறான். அங்கிள் தடியோடு போகிறார் என்று மனைவிக்குக் காட்டியும் இருக்கிறான். "எங்க எண்டு கேக்கேல்லையோ?" என்றேன். "போறவரை எப்பிடி அன்ரி மறிச்சுக் கேக்கிறது" என்றான் தலையைச் சொறிந்துகொண்டு. கணினிக் கம்பனியில் வேலை செய்கிற பிள்ளை! கடைசியில் சாரதி. அவர் வானுக்குள் சாய்ந்து கிடந்தபோது இவர் பக்கத்தால் போயிருக்கிறார். "பாத்தேம்மா. ஐயா சிரிச்சிட்டுப் போனாரு. எங்கன்னு கேக்கலம்மா. கெளம்புறவங்களை அப்படிக் கேக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுலயும் சொல்லுவாங்க."

வான் நிறைய ஆட்கள். கண்டவர்கள் பலபேர். எல்லோரும் நல்ல வளர்ப்பு. ஒருவராவது கேட்கவில்லை! யாரைக் கோபிப்பது? முதலாவதாகக் கேட்டிருக்க வேண்டியவள் நான்.

அங்கேயிருந்து மூன்று பாதைகள் பிரிந்தன. ஒன்று அருவிக்கு, ஒன்று மலை ஏற, ஒன்று நீர்த்தேக்கத்தின் கரையோடு. போன் எடுக்கலாம் என்றால் அங்கே சிக்னல் இல்லை. அதுவும் போகட்டும், அவருடைய போன் வானுக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடித் தம்பி ஒரு பாதையால் ஓடினான், சாரதி இன்னொன்றால் ஓடினார். நான் கைப்பையைத் திறந்து பார்த்தேன். நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மழையில், காட்டுக்குள், எங்கேயோ ஓரிடத்தில் அவருக்கு நெஞ்சு நொந்தால், என் கையில் மருந்தும் இருக்கிறது, கால்களும் இருக்கின்றன, எந்தப் பக்கம் ஓடுவதென்றுதான் தெரியாது. அன்ரி பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டிருந்தார். போன தம்பிகள் இரண்டு பேரும் நனைந்துகொண்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள், ஊர்ப்பெண். சீத்தைத்துணிச் சட்டை, தலைக்கு மேலே கம்பி ஒடிந்த ஒரு குடை. கொட்டகை வாசலில் நின்று, எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அந்தத் தடி வைத்திருந்த மாத்தயா திரும்பி வந்துவிட்டாரா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

என் சிங்களம் மரக்கறிக்கடைச் சிங்களம். பேரம் பேசப் போதும், பதறும்போது போதாது. மூன்றாம் மாடித் தம்பி இடையில் நின்று கதைத்தான். அவள் சொன்னது இதுதான். கரையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது இவர் அந்த வழியால் வந்திருக்கிறார். "கொஹெத யன்னே?" என்று கேட்டாளாம். எங்கே போகிறீர்கள் என்று! முன்பின் தெரியாத மனிதரை! இவர் சுற்றிவரப் பார்த்துவிட்டு, நீர்த்தேக்கத்தின் அந்தக் கரையில் தெரிகிற தட்டைப் பாறையைக் கைகாட்டி, "அங்கே" என்றாராம். அந்தப் பாறைக்குப் போகும் வழியில் ஒரு ஓடை இருக்கிறது. மலையில் மழை பெய்தால் சட்டென்று நிறைந்துவிடும். வீட்டுக்குப் போய் உடுப்பை உள்ளே எடுத்தவளுக்கு மழையைப் பார்த்ததும் அந்த மனிதர் நினைவு வந்திருக்கிறது. வந்துவிட்டாரா என்று பார்த்துவிட்டுப் போக இறங்கி வந்திருக்கிறாள்.

நான் அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன். கைப்பையைத் திறந்து குளிசையைக் காட்டி, நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "எண்ட அக்கே", வாங்கோ அக்கா என்று என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பாதையால் போனால் ஓடையைக் கடக்க முடியாது, தண்ணீரால்தான் போகவேண்டும். அவளுடைய தம்பியிடம் மீன்பிடிக்கிற படகு ஒன்று இருந்தது. மழை கொஞ்சம் விட்டுத் தூறலாக மாறும்வரை அவன் இறக்கமாட்டேன் என்று நின்றான். அது சரிதான். ஆனால் எனக்கு அந்த நேரம் அவனைத் தூக்கித் தண்ணீரில் போட வேண்டும் போலிருந்தது. தூறல் ஆனதும் லைஃப் ஜக்கட்டை என் தலையால் மாட்டினார்கள். "நீங்கள் நில்லுங்கோ அன்ரி, நான் போறன்" என்றான் மூன்றாம் மாடித் தம்பி. நான் கேட்கவில்லை. தண்ணீருக்குப் பயந்தவள், முழங்கால் மட்டும் இறங்கி நடந்து படகில் ஏறினேன். புதுச் சப்பாத்து சேற்றோடு போனது. அந்தப் பெண்ணும் கூடவே ஏறினாள். படகு ஆடும்போதெல்லாம் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி விளங்கவில்லை. குரல் மட்டும் போதுமாக இருந்தது.

பாறை கிட்ட வந்தது. ஆளைக் காணவில்லை. "இஞ்சருங்கோ!" என்று கத்தினேன். கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை பாருங்கள், அந்தக் காட்டிலும் எனக்கு அதுதான் வந்தது. மறுபடி கத்தினேன். பாறைக்குப் பின்னால், சரிந்து நின்ற ஒரு கல்லின் கீழேயிருந்து ஒரு தடி மேலே எழும்பி ஆடியது. பிறகு அவருடைய கை. பிறகு அவர்.

நான் படகிலிருந்து எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. போய் நெஞ்சைத் தொட்டேன். "நோகுதோ? மூச்சு வாங்குதோ? வாயைத் திறவுங்கோ" என்று குளிசையை எடுத்தேன். "ஒண்டும் நோகேல்ல. அட்டைதான் கடிச்சுப்போட்டுது" என்று காற்சட்டையைத் தூக்கிக் காட்டினார். காலில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் தெப்பமாக நனைந்திருந்தார். ஆனால் முகம்! ஒரு வருடமாக நான் காணாத முகம். பத்தாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடம் கட்டடித்துவிட்டு அகப்பட்ட மாதிரி நின்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"எங்க போறன் எண்டு ஒரு சொல் சொல்லிப்போட்டு வந்தால் என்ன?" என்று கத்தினேன்.

"நீர் கேக்கேல்லையே" என்றார்.

திரும்பி வந்ததும் அந்தப் பெண் எங்களை விடவில்லை. எல்லோரையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன வீடு; முன் விறாந்தையில் நாங்கள் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். அன்ரி கொண்டுவந்த தேசிக்காய்க்கு அப்போதுதான் வேலை வந்தது. அந்தப் பெண் இவருடைய நனைந்த சேர்ட்டைக் கழற்றிக் காயப்போட்டுவிட்டு, காலில் தேசிக்காயைத் தேய்த்துக்கொண்டே கேள்வி கேட்டாள். எத்தனை பிள்ளைகள்? ஒன்றுதானா? ஏன் ஒன்று? மகள் எங்கே? இலண்டனில் குளிரில்லையா? வெள்ளவத்தையில் வீடு எத்தனையாம் மாடி? நெஞ்சில் அந்தத் தழும்பு என்ன? யார் வெட்டினது? நோகுமா? நான் வேறு நேரமென்றால் இப்படிக் குடைந்து கேட்கிறவர்களைக் கண்டால் லிஃப்டுக்குக் காத்திராமல் படியால் இறங்கிவிடுவேன். இவரோ எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தன் ஓட்டைச் சிங்களத்தில், கையையும் ஆட்டி, ஒபரேஷனை ஒரு கிரிக்கெட் மட்ச் மாதிரி விவரித்தார். இஞ்சித் தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டித் துண்டும் வந்தன. கருப்பட்டியை நான் தடுக்கவில்லை. புறப்படும்போது அவள் இவரிடம், "இனி எங்கே போகப்போகிறீர்கள்?" என்று கேட்டாள். "வீட்டுக்கு" என்று இவர் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டோம்.

வானில் இந்த முறை பாட்டு இல்லை. எல்லோரும் களைத்து நித்திரை. அவருக்கு என் சால்வையைப் போர்த்தியிருந்தேன். பாறைக்கு ஏன் போனீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"பாறைக்கெண்டு நான் வெளிக்கிடேல்ல. சும்மாதான் எழும்பி நடந்தனான். அந்த மனிசி எங்க எண்டு கேட்டுது. எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை. வெக்கமாப் போச்சுது. கண்ணுக்குத் தெரிஞ்ச பாறையைக் காட்டிப்போட்டன். சொன்ன பிறகு போகாமல் விடலாமோ?" என்றவர் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டார். "ஒரு வருசமா ஒருத்தரும் என்னட்டை அப்பிடிக் கேக்கேல்ல. நோகுதோ, குளிசை போட்டாச்சோ, இதுதான் கேக்கிறது. எனக்கும் போறதுக்கு ஒரு இடம் இருக்கும் எண்டு அந்த மனிசிதான் நினைச்சுது."

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமையைச் சொன்னேன். நான் கத்திக் கேட்டதை, ஐசியு வாசலில் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்ததை, அன்றிலிருந்து ஏன் கேட்பதில்லை என்பதை. சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒருவேளை அவரும் அப்படி நினைத்திருந்தால்?

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "விசரோ உமக்கு? நீர் கேட்டபடியாத்தானே பாண் கடை எண்டு சொன்னனான். அதாலதானே நேரே அங்க வந்தனீர். கேக்காமல் இருந்திருந்தால் என்னை எங்க எண்டு தேடியிருப்பீர்?"

நான் ஒரு வருடமாக அதை இந்தப் பக்கத்திலிருந்து ஒருநாளும் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை. வான் யன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு ஹங்வெல்ல தாண்டும்வரை அழுதேன். முன்னால் இருந்த அன்ரி எழும்பி, "என்ன பிள்ளை, வயித்துக்குள்ள பிரட்டுதோ?" என்று தேசிக்காயை நீட்டினார். வாங்கி மணந்துகொண்டேன்.

இப்போது அவர் காலையில் தனியாகத்தான் நடக்கப் போகிறார். அந்தக் குளிசை அவருடைய சட்டைப்பைக்குள் போய்விட்டது. கதவைத் திறக்கும்போது, "எங்க போறியள்?" என்று கேட்கிறேன். குசினிக்குள் இருந்து கத்துவதில்லை, கதவடிக்கு வந்து கேட்கிறேன். முதல் மாதம், "மரைன் டிரைவ் மட்டும்" என்றார். பிறகு பாமன்கடை, பிறகு தெஹிவளைப் பாலம். போன கிழமை, "கடற்கரையால கொள்ளுப்பிட்டி மட்டும் போய்ப் பாக்கப்போறன்" என்றார். அவ்வளவு தூரமா என்று எனக்குப் பக்கென்றது. ஆனாலும், "சரி, போட்டு வாங்கோ" என்றேன். லிஃப்டுக்குள் நின்ற புதுக்குடித்தன அம்மா ஒருவர், "இப்பிடிக் கேக்கலாமோ, சகுனமெல்லோ?" என்று முகத்தைச் சுளித்தார். அந்த மழை நாளைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லிஃப்ட் கதவு மூடிவிட்டது. இவர் கிரிக்கெட் கதைத்துக்கொண்டு இறங்குகிற சத்தம் கீழேவரை கேட்டது.

எங்கே என்று கேட்டால் போகிறவரின் வழி மறிக்கப்படும் என்றுதான் எனக்குச் சொல்லித்தந்தார்கள். ஆனால் அந்த மழை நாளுக்குப் பிறகு, நீங்கள் திரும்பி வரும்வரை என் மனம் உங்களோடுதான் நடக்கப்போகிறது, அதற்கு வழி தெரிய வேண்டும் என்று அவருக்குச் சொல்வதற்கு என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான்.